வாரிசு போட்ட கையெழுத்து

அத்தியாயம் 14

அண்ணன் கதும்பாவின் கையெழுத்து கடிதத்தில் கால் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு நீளக் கோடு. கோட்டுக்கும் கீழே, யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று, 'வாரிசு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

நபுக்கேரா அந்தக் கடிதத்தை மடிக்காமல் கோப்புக்குள் வைத்து, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஏறினாள். குன்றின் மேல் மரங்களில் பெருநாரைகள் நனைந்துபோய், ஓய்வு பெற்ற பேராசிரியர்களைப் போல நின்றிருந்தன. அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

போன வாரம் நூலகம் அனுப்பிய கடிதம் அவளைத் தூங்கவிடாமல் செய்திருந்தது. வண்டேகேயா நகல் கடையில் அவள் கொடுத்துவைத்த பிரதியிலிருந்து ஒரு முழுப் புத்தகத்தையும் படியெடுத்து, சுருள் கம்பி போட்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். காலமான அவள் அப்பா எழுதிய 'சதுப்பு நிலச் செடிகள்'. அச்சில் இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மூன்று வருடம் ஒவ்வொரு குழுவாக ஏறி இறங்கி அவள் வாங்கிய புதுப் பாடத்துக்கு அந்த ஒரே புத்தகம்தான் ஆதாரம். இன்று மாலை ஐந்து மணிக்குள் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வந்தால் திங்கட்கிழமை முதல் வகுப்பு. வராவிட்டால் அட்டவணையிலிருந்து பாடத்தை எடுத்துவிடுவார்கள்.

அப்பாவின் புத்தகம். அண்ணன் வாரிசு. காலைத் தேநீரோடு அண்ணன் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது?

நூலகத்தில் பதிப்புரிமை விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அடோங், நாட்டின் வடக்கிலிருந்து வந்து இருபது வருடமாக அதே ஜன்னலோர மேஜையில் இருப்பவர். வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றபடி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பதிப்பகம் மூடப்பட்டபோது உரிமையை அப்பாவுக்கே திருப்பி எழுதிக்கொடுத்த பழைய கடிதத்தையும் பார்த்துத் தலையாட்டினார். அது சரியாக இருந்தது. பிறகு கதும்பாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவருக்கு இந்த உரிமையை யாரு குடுத்தது?"

நபுக்கேரா சொன்னாள். அப்பாவின் கடைசிச் சடங்கில், இருநூறு பேர் முன்னால், குலத்துப் பெரியவர்கள் அண்ணனுக்கு மரப்பட்டைத் துணி கட்டி, கையில் ஈட்டி கொடுத்து, இனி இவன்தான் இந்த வீட்டுக்குத் தகப்பன் என்று நிறுத்தினார்கள். அன்றிலிருந்து கல்யாணம், பெயர் சூட்டு, நில எல்லை எல்லாவற்றுக்கும் அவன் சொல்தான்.

அடோங் கடலையைத் தள்ளி வைத்தார்.

"எங்க பக்கமும் சடங்கு உண்டு நபுக்கேரா, நான் குறை சொல்லல. குலம் அவருக்குக் குடுத்தது உங்க அப்பா உக்காந்த இடத்தை. புத்தகத்தையும் சேத்துக் குடுத்துச்சா?"

நபுக்கேரா கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

எழுதியவர் போன பிறகும் ஐம்பது வருடம் அந்த உரிமை உயிரோடு இருக்கும் என்றார் அடோங். ஆனால் அது ஈட்டியின் பின்னால் போகாது, உயில் எந்தப் பக்கம் போகச் சொல்கிறதோ அந்தப் பக்கம் போகும். இந்த மேஜைக்கு வாரத்தில் இரண்டு பேராவது இப்படி வாரிசின் கையெழுத்தோடு வருகிறார்களாம். ஒருவர் வீட்டில் வாரிசுக்கு ஆறு வயது, கட்டைவிரல் ரேகையோடு வந்தார் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

நபுக்கேரா விடவில்லை. நான் இதில் ஒரு ஷில்லிங் கூடப் பார்க்கவில்லையே என்றாள். நீங்கள் பார்க்கவில்லை, கடைக்காரர் பார்த்தார் என்றார் அடோங். இலவசமாகவே கொடுத்தாலும் முழுப் புத்தகம் முழுப் புத்தகம்தான். வகுப்பில் திரையில் காட்டி விளக்கலாம். பாடத்துக்குத் தேவையான ஒரு பகுதியை, எழுதியவர் பெயரைப் போட்டு, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

"பாப்பிரஸ் கோரை தண்ணியில வளரும்ங்கறதுக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல. அதை உங்க அப்பா சொன்ன விதம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் சொந்தக்காரங்க உண்டு. நீங்களே உங்க வார்த்தையில எழுதிக்கிட்டா என்கிட்ட வரவே வேண்டாம்."

எழுதலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் முடியாது. அதோடு அந்தப் புத்தகத்தின் உயிரே படங்கள்தான். அறுபது மாணவர்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இலையைப் படத்தோடு வைத்துப் பார்த்துப் பெயர் சொல்லும் பாடம் அது. ஒரு அத்தியாயத்தை மட்டும் கையில் கொடுத்து இறக்கினால் பதினைந்தாவது செடியோடு எல்லாரும் கரையேற வேண்டியதுதான்.

உயிலை வரவழைக்கச் சொன்னார் அடோங்.

அரை மணியில் கதும்பா வந்துவிட்டான். காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர். சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் காலணி. தன் கையெழுத்தை ஒருவர் கேள்வி கேட்டதே அவனுக்குப் புதிதாக இருந்தது. நூலகத்துக்குள் கொஞ்சம் சத்தமாகவே வந்தான், உயிலை மேஜையில் வைத்தான், தாராளமாகப் படித்துக்கொள்ளுங்கள் என்று கை காட்டினான்.

ம்பிகியில் இருக்கும் ஊர் வீடு அம்மாவுக்கு. காப்பித் தோட்டம் இப்படி. மாடுகள் இப்படி. இதெல்லாம் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அடோங் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இங்கே பெயர் சொல்லாத மற்றதெல்லாம் என் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. அப்புறம் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் மூன்று பெயர்கள். கதும்பா, நந்தாவுலா, நபுக்கேரா.

நடுவில் இருந்த பெயரை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

தன் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே பதவி உயர்ந்தவன் கதும்பா. தன் அப்பாவின் உயிலின் பின்பக்கத்தை அவன் இன்றுதான் பார்க்கிறான் என்பது அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலேயே தெரிந்தது.

அடோங் அதைப் பார்க்காததுபோல் அடுத்த கேள்விக்குப் போனார். வார்த்தைகளுக்கு மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். படங்கள்?

அதுவும் அப்பா புத்தகத்தில் இருப்பதுதானே என்றான் கதும்பா.

"புத்தகத்துல இருக்குங்கறது சரி சார். வரைஞ்சது யாரு? படத்துக்குத் தனி உரிமை, வரைஞ்சவங்களுக்கு. கூலி பேசி வரையச் சொன்னாரா, எழுதி வாங்கினாரா?"

கூலி பேசவில்லை. எதையும் எழுதி வாங்கவில்லை. பென்சில் மட்டும் வாங்கிக் கொடுத்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'படங்கள்: ஆசிரியர் குடும்பம்' என்று போட்டிருந்தது. அந்தக் குடும்பம் யார் என்று அண்ணனுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். நபுக்கேரா உயிலின் நடுப் பெயரில் விரல் வைத்தாள்.

"அப்ப ரெண்டு வழியும் ஒரே வாசலுக்குத்தான் போகுது," என்றார் அடோங், ஒரு படிவத்தை நீட்டி. "அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

நந்தாவுலா இருக்கும் நத்தேத்தேக்குப் போகும் சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. மழை விட்டு வெயில் அடித்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் கதும்பாவின் கார்க் கண்ணாடியை உரசிக்கொண்டு போனார்கள். வழக்கமாக ஒவ்வொருவரையும் திட்டும் கதும்பா இன்று ஒருவரையும் திட்டவில்லை.

நந்தாவுலா அப்பாவுக்கு வேறொருத்தியிடம் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுக்குச் சோறு போட்டாள், பள்ளிக்கு அனுப்பினாள், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விடுமுறை வந்தால் அப்பாவும் அவளும் விடிவதற்குள் சதுப்புக்குப் போய்விடுவார்கள். அவர் எழுதுவார், அவள் வரைவாள். நான்கு வருட விடுமுறைகள். நபுக்கேரா அப்போது சின்னவள். அக்கா திரும்பி வரும்போது காலில் ஒட்டியிருக்கும் சேற்றைக் காய்வதற்குள் சுரண்டி விளையாடுவாள். தாவரவியல் படிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதற்கு அப்பாதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லுவாள். அது முழு உண்மை இல்லை என்பது இந்த நெரிசலில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குத் தோன்றியது.

நான்கு வருடம் முன்னால், அந்தக் கடைசிச் சடங்கில், வாரிசின் எதிரே, இறந்தவரின் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெயர்தான் ஒலித்தது, நபுக்கேரா. பந்தலின் ஓரத்தில் நின்ற நந்தாவுலா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, இவர்களும் போகவில்லை. நபுக்கேரா பாயில் உட்கார்ந்தபடி அவள் போவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்ன சொல்லி ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டாள் அண்ணனிடம்.

"நீதானே டீச்சர். நீ ஆரம்பி."

நந்தாவுலாவின் பட்டறை ஒரு தையல்கடைக்கும் சப்பாத்தி போடும் இடத்துக்கும் நடுவில் இருந்தது. அரிசிச் சாக்குகளைப் பிரித்து, நீட்டி, ஆணியடித்து, அதில் மழலைப் பள்ளிகளுக்குப் படம் எழுதுவாள். உடலின் பாகங்கள், வீட்டு விலங்குகள், வாரத்தின் நாட்கள். சுவர் முழுக்க மாடும் ஆடும் கோழியும் காய்ந்துகொண்டிருந்தன. அவள் குனிந்து ஒரு யானைக்குக் காது போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலைமுடியில் நரை எட்டிப் பார்த்திருந்தது.

"வாங்கப்பா," என்றாள் கதும்பாவைப் பார்த்து. "பெத்த பொண்ணைப் பாக்கறதுக்கு நாலு வருஷம் ஆச்சா உங்களுக்கு?"

வாரிசு ஆனவனை உடன்பிறந்தவர்கள் அப்பா என்று அழைப்பது முறைதான். ஆனால் அந்த முறையை இப்படி யாரும் அவன் மேல் வீசியதில்லை.

இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அவனுக்குப் போட்டாள். நபுக்கேராவுக்குப் பாய். தேநீர் வந்தது. பக்கத்திலிருந்து சூடாக மூன்று சப்பாத்தியும் வந்தது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியென்றால் காரியமாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நபுக்கேரா கதும்பாவின் கடிதத்தைக் கொடுத்து, நூலகத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தன் பாடம், அறுபது பிள்ளைகள், ஐந்து மணி.

நந்தாவுலாவுக்கு இந்தச் சட்டம் புதிதாக இல்லை. அவள் படங்களையும் ஒரு கடை படியெடுக்கிறதாம்.

"என் மாட்டு மேல தெரியாம ஒரு சொட்டு பெயின்ட் விழுந்துருச்சு. அதையும் விடாம வரைஞ்சிருக்காங்க. இந்த வட்டாரத்துல நாலு ஸ்கூல்ல இப்ப மாட்டுக்கு மூக்குல மச்சம்."

நபுக்கேரா சிரித்துவிட்டாள். நந்தாவுலாவும் சிரித்தாள். சிரித்தபடியே கடிதத்தைப் படித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. கடிதத்தை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கள் தந்தையின் வார்த்தைகளும் படங்களும்னு எழுதியிருக்கு. இதுல எனக்கு வேலை இல்லையே."

வெளியே யாரோ மாவை அடிக்கும் சத்தம் கேட்டது. மணி இரண்டே கால். வேறு கடிதம் எழுதிக்கொள்ளலாம் அக்கா என்று நபுக்கேரா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதும்பா நாற்காலியிலிருந்து எழுந்தான். போய்விடப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் காலணியைக் கழற்றினான். கோட்டோடு, அந்தப் பெரிய உடம்போடு, பாயில் நந்தாவுலாவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு மைக்ல படிச்ச லிஸ்ட்டை எழுதினது நான். உன் பேரை எழுதல. மறந்துபோய் இல்ல."

கதும்பா பாயின் ஓரத்தைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

"அம்மா மனசு நோகும்னுதான் அப்படிச் செஞ்சேன்னு இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவங்க எதுவும் சொல்லல. பேனா என் கையிலதான் இருந்தது."

"நான் பாயில உக்காந்திருந்தேன் அக்கா," என்றாள் நபுக்கேரா. "நீ போறதைப் பாத்தேன்."

நந்தாவுலா தூரிகையை எடுத்து மண்ணெண்ணெயில் அலசினாள். மெதுவாக, மயிர் மயிராக. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தூரிகையை நிமிர்த்தி டப்பாவில் வைத்துவிட்டு, அந்த நூலகத்து அம்மா கொடுத்த படிவத்தைக் காட்டு என்றாள்.

அவளே எழுதினாள். அறுபது மாணவர்கள், இந்த ஒரு பருவம். வகுப்புக்கும் சதுப்புக்கும் மட்டும், எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பெயர். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் எழுதுவதைப் பார்த்தபோது, அடோங்கின் வேலையை இவளுக்கே கொடுத்துவிடலாம் என்று நபுக்கேராவுக்குத் தோன்றியது. பணம் எவ்வளவு போட வேண்டும் என்று கதும்பா மெல்லக் கேட்டான். பெயர் போட்டால் போதும் என்றாள்.

படிவத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. 'நூலாசிரியருக்கு என்ன உறவு'. அங்கே வந்ததும் பேனா நின்றது. பிறகு 'மகள்' என்று எழுதினாள். இரண்டாவது முறை அதன் மேலேயே அழுத்தி எழுதினாள், மை பரவும் அளவுக்கு.

அவள் கையெழுத்துக்குக் கீழே கதும்பாவும் நபுக்கேராவும் வார்த்தைகளுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். தன் பாடத்துக்குத் தானே சம்மதம் கொடுக்கும்போது நபுக்கேராவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்தம்மா கெடுபிடியானவள், யோசித்துத்தான் கொடுப்பாள் என்று நந்தாவுலா அவளைச் சீண்டினாள். சதுப்பில் திங்கட்கிழமை தண்ணீர் எவ்வளவு இருக்கும், அட்டைக்கடிக்கு இன்னும் புகையிலைதானா என்றெல்லாம் பேச்சு போயிற்று. சப்பாத்தி ஆறிப்போனதை அப்போதுதான் கவனித்தார்கள். இருந்தும் ருசியாக இருந்தது.

கிளம்பும்போது நபுக்கேரா படிவத்தை ஒரு தடவை சரிபார்த்தாள். புத்தகத்தில் எண்பத்தாறு படங்கள். நந்தாவுலா எண்பத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

"எண்ணிக்கை தப்பா இருக்கு அக்கா."

"இல்ல. தொண்ணூத்தொண்ணாம் பக்கம் நான் வரைஞ்சது இல்ல."

நபுக்கேரா புத்தகத்தைத் திறந்தாள். அல்லிப் பூ. எத்தனையோ முறை பார்த்த பக்கம். மற்றப் படங்களில் கோடு தலைமுடி மாதிரி ஓடும். இதில் ஒவ்வொரு இதழும் காகிதம் கிழிந்துவிடும் போல அழுத்தி வரையப்பட்டிருந்தது. தாவரவியல் படித்த கண்ணுக்கு இத்தனை வருடம் இது தெரியவில்லை.

"அப்பாவா?" என்றான் கதும்பா.

"அவருக்கு நேரா ஒரு கோடு இழுக்க வராது. அதை வரைஞ்சது உங்க அம்மா."

ஒரு நாள் மழை கொட்டியதாம். அப்பா அக்கரையில் மாட்டிக்கொண்டார். சாப்பாடு கொண்டுவந்த அம்மாவும் நந்தாவுலாவும் மீன்காரன் குடிசையில் இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்றார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டிப் பென்சிலை வாங்கினாள். வாசலில் மிதந்த ஒரு பூவைப் பார்த்து வரைந்தாள். மழை விட்டதும் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. நந்தாவுலாவும் சொல்லவில்லை. மற்றப் படங்களோடு அதுவும் அச்சுக்குப் போய்விட்டது.

"என்னுது இல்லாததை நான் எப்படிக் குடுக்க முடியும்?" என்றாள் நந்தாவுலா. "அவங்ககிட்ட கேளுங்க. கேக்கும்போது யாரு சொன்னதுன்னும் சொல்லுங்க."

நாலு நாற்பதுக்கு அடோங் படிவத்தைப் படித்து முடித்தார். எண்பத்தைந்துக்குச் சம்மதம் இருக்கிறது, அந்த ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு நகலெடுங்கள், சம்மதம் வந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். முத்திரை குத்தினார். அட்டவணையில் பாடத்தின் எதிரே ஒரு சரி போட்டார். திங்கட்கிழமை, காலை எட்டு மணி. நபுக்கேராவுக்கு அந்தச் சின்ன நீல அடையாளத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது கதும்பா படியில் உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததும் கைபேசியை எடுத்து ம்பிகிக்கு அழைத்தான். இரண்டு பேருக்கும் கேட்கும்படி வைத்தான். அம்மா எடுத்தாள். மழை பெய்ததா, சாப்பிட்டாயா, ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை வாழைக்காய் உரிக்கட்டும் என்று வரிசையாகக் கேட்டாள். அவள் மூச்சு விடும் வரை கதும்பா பொறுத்திருந்தான்.

"அம்மா, அப்பா புத்தகத்துல ஒரு அல்லிப் பூ இருக்கு. அது நீங்க வரைஞ்சதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. நந்தாவுலா சொன்னா."

அந்தப் பெயரை அம்மாவின் காதில் போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

மறுமுனையில் ஒரு சேவல் கூவியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நபுக்கேரா திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா பேசவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை.